மேலே ஃப்ரீசர் உள்ள ஃபிரிட்ஜ்: வீட்டிலேயே பராமரிப்பதும் பழுதைக் கண்டுபிடிப்பதும்

ஃபிரிட்ஜ் சரியாகக் குளிரவில்லை என்றதும் பெரும்பாலானோர் வாயில் வரும் முதல் சொல் "கேஸ் போய்விட்டது" என்பதுதான். பழுது பார்க்க வருகிறவர்களில் சிலரும் பெட்டியைத் திறந்து பார்க்குமுன்பே அதைச் சொல்லிவிடுவதால், கேஸ் என்பது அவ்வப்போது தீர்ந்துபோய் நிரப்பிக்கொள்ள வேண்டிய பொருள் என்ற எண்ணம் நிலைத்துவிட்டது. உண்மையில் அது எரிபொருளைப் போலச் செலவாவதில்லை. முற்றிலும் மூடப்பட்ட குழாய்களுக்குள் அது சுற்றிச் சுற்றி வருகிறது. குழாயில் எங்காவது ஓட்டை விழுந்தாலொழிய குறைவதற்கு வழியே இல்லை. பத்துப் பதினைந்து ஆண்டுகள் ஓடிய பெட்டியிலும் தொழிற்சாலையில் நிரப்பிய அதே கேஸ் இருப்பது சாதாரணம். ஆகவே குளிர் குறைந்தால் கேஸைக் கடைசியாகச் சந்தேகிப்பதே முறை. அதற்குமுன் பார்க்க வேண்டியவை பல உண்டு. அவற்றில் பெரும்பாலானவற்றை வீட்டிலிருப்பவரே பார்த்துவிடலாம்.

எங்கே பார்ப்பது என்று தெரிய, பெட்டிக்குள் காற்று எப்படிச் சுற்றுகிறது என்பது தெரிந்தால் போதும். மேலே ஃப்ரீசரும் கீழே குளிர்ப்பகுதியும் உள்ள, பனி தானாக உருகும் வகைப் பெட்டிகளில் பெரும்பாலும் குளிர்ச்சி உண்டாகும் இடம் ஒன்றே ஒன்றுதான். ஃப்ரீசரின் பின்சுவராக நமக்குத் தெரிகிற பிளாஸ்டிக் தகட்டுக்குப் பின்னால், மெல்லிய அலுமினியத் தகடுகள் வரிசையாகக் கோத்த காயில், அதாவது கேஸ் ஓடும் குழாய்ச் சுருள், ஒன்று இருக்கிறது. அதன் அருகிலுள்ள சிறிய ஃபேன், காயிலைத் தொட்டுக் குளிர்ந்த காற்றை ஃப்ரீசருக்குள் ஊதுகிறது. அந்தக் காற்றில் ஒரு பங்கு மட்டும் இடைத்தளத்திலோ பின்சுவரிலோ உள்ள பாதை வழியாகக் கீழே இறங்குகிறது. எவ்வளவு இறங்க வேண்டும் என்பதை டேம்பர் எனப்படும் சிறு மடல் தீர்மானிக்கிறது. கீழே உள்ள பொருள்களிடமிருந்து வெப்பத்தையும் ஈரத்தையும் வாங்கிக்கொண்ட காற்று, வேறொரு துளை வழியாக மேலேறி மறுபடியும் காயிலை அடைகிறது. காயில் வாங்கிய வெப்பத்தைக் கம்ப்ரஸர், கேஸின் மூலமாக வெளியே தள்ளி, பின்புறத்திலோ பக்கச் சுவர்களுக்குள்ளோ பதிந்திருக்கும் கண்டென்சர் குழாய்கள் வழியாக அறைக்குள் விடுகிறது. வெப்பம் உள்ளிருந்து வெளியே போகும் இந்தப் பாதையில் எங்கே தடை விழுந்தாலும் நமக்குத் தெரிவது ஒரே அறிகுறிதான்: குளிர் போதவில்லை.

தடையைத் தேடுவதற்குமுன் உண்மையிலேயே குளிர் போதவில்லையா என்று அளந்து பார்த்துவிட வேண்டும். கையால் தொட்டுச் சொல்லும் கணக்கு பெரும்பாலும் தவறாகவே இருக்கும். கீழ்ப்பகுதி 3 முதல் 5 டிகிரி செல்சியஸ் வரையிலும், ஃப்ரீசர் மைனஸ் 18 டிகிரியிலும் இருக்க வேண்டும். 5 டிகிரிக்கு மேலே போகப் போக உணவைக் கெடுக்கும் நுண்ணுயிர்கள் வேகமாகப் பெருகத் தொடங்கும். கதவைத் திறந்த மறுகணமே உள்ளே இருக்கும் காற்றின் வெப்பநிலை மாறிவிடுவதால், காற்றை அளந்து பயனில்லை; ஒரு தம்ளர் நீரில் தெர்மாமீட்டரைப் போட்டு நடுத்தட்டில் இரவு முழுவதும் வைத்துவிட்டு, காலையில் முதல்முறையாகக் கதவைத் திறக்கும்போது பார்ப்பதே சரியான அளவைத் தரும். ஃப்ரீசரில் அதையே உறைந்த இரண்டு பொட்டலங்களுக்கு நடுவே செருகி வைக்கலாம்.

அளவு சரியில்லை என்றால் அடுத்து கை போவது குமிழுக்கு. இங்கேதான் பலர் தாமே ஒரு பழுதை உண்டாக்கிக்கொள்கிறார்கள். பெரும்பாலான பெட்டிகளில் எண் கூடினால் குளிர் கூடும். அது வெப்பநிலையைக் குறிக்கும் எண் அன்று. இரண்டு குமிழ்கள் உள்ள பெட்டியில் ஒன்று மட்டுமே கம்ப்ரஸரை ஓட்டி நிறுத்தும் தெர்மோஸ்டாட். மற்றொன்று டேம்பரைத் திறந்து மூடும் வெறும் மடல்குமிழ். சில மாடல்களில் தெர்மோஸ்டாட் கீழேயும் மடல்குமிழ் ஃப்ரீசரிலும் இருக்கும். அப்போது ஃப்ரீசர் குமிழை 'அதிகக் குளிர்' என்ற பக்கம் முழுதும் திருப்பினால், கீழே இறங்க வேண்டிய காற்று மேலேயே தங்கிவிடுகிறது. ஐஸ்கட்டி சீக்கிரம் உறையட்டும் என்று திருப்பிவிட்டு மறந்துபோனவர்கள், சில நாள் கழித்துக் கீழே குளிரவில்லை என்று மெக்கானிக்கை அழைப்பதுண்டு. எந்தக் குமிழ் எது என்பதைக் கையேட்டில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். எதைத் திருப்பினாலும் நடுநிலையிலிருந்து ஒரு படி மட்டும் திருப்பி, 24 மணி நேரம் காத்திருந்து, மீண்டும் அளந்த பிறகே அடுத்த படிக்குப் போக வேண்டும்.

வைக்கும் இடம்

அடுப்புக்கு அருகிலும் வெயில் நேராக விழும் இடத்திலும் வைக்கக்கூடாது என்பது அனைவரும் அறிந்ததே. பலர் கவனிக்காதது, பெட்டி எந்த அறை வெப்பநிலைக்காகச் செய்யப்பட்டது என்பதாகும். தகவல் தகட்டில் அது ஆங்கில எழுத்துகளில் குறிக்கப்பட்டிருக்கும்: எஸ்என் (SN) என்றால் 10 முதல் 32 டிகிரி வரை, என் (N) என்றால் 16 முதல் 32 வரை, எஸ்டி (ST) என்றால் 16 முதல் 38 வரை, டி (T) என்றால் 16 முதல் 43 வரை. 40 டிகிரி வெப்பமுள்ள அறையில் 'என்' வகைப் பெட்டி நாள் முழுவதும் ஓடித் திணறினால் அது பழுது ஆகாது. இதற்கு நேர்மாறான சங்கடமும் உண்டு. தெர்மோஸ்டாட் கீழ்ப்பகுதியில் இருக்கும் பெட்டியை மிகக் குளிர்ந்த அறையில் வைத்தால், கீழ்ப்பகுதி தானாகவே குளிர்ந்திருப்பதால் கம்ப்ரஸர் அரிதாகவே ஓடும். விளைவாக மேலே ஃப்ரீசரில் உள்ளவை இளகத் தொடங்கும்.

பின்புறமும் பக்கங்களும் குறைந்தது 5 சென்டிமீட்டராவது சுவரிலிருந்து தள்ளியிருக்க வேண்டும். கையேடு அதிக இடைவெளி கேட்டால் அதையே கொடுங்கள். பக்கச் சுவர்களுக்குள் கண்டென்சர் பதிந்த மாடல்களில் பக்கங்கள் தொட்டால் சூடாக இருக்கும். கதவுச் சட்டத்தைச் சுற்றியும் வெதுவெதுப்பாக இருக்கும். அங்கே நீர்த்துளி படியாமலிருக்கச் சூடான குழாய் ஒன்றை உள்ளே ஓட்டியிருக்கிறார்கள். இரண்டும் இயல்பே. சொல்லப்போனால், கம்ப்ரஸர் ஓடும்போது அவை சூடாகாமல் இருந்தால்தான் கவலைப்பட வேண்டும்.

முன்கால்களைச் சற்றே உயர்த்தி, பெட்டி மயிரிழை பின்னால் சாய்ந்தாற்போல் நிறுத்தினால், பாதி திறந்து விட்ட கதவு தானாகவே மூடிக்கொள்ளும். கதவுச் சிக்கல்களில் ஒரு பகுதி இந்தத் திருகலிலேயே தீர்ந்துவிடுகிறது.

கதவு ரப்பரும் கண்டென்சரும்

கதவு ரப்பருக்குள் காந்தப் பட்டை ஒன்று ஓடுகிறது. அதுதான் கதவைச் சட்டத்தோடு ஒட்டிப் பிடிக்கிறது. ரப்பரின் மடிப்புகளில் பிசுக்கும் உணவுத்துகளும் சேர்ந்தால் ஒட்டுதல் தளர்ந்து, அறைக் காற்று ஓயாமல் உள்ளே கசியும். காற்றோடு வரும் ஈரம்தான் கேடு. அது நேராகக் காயிலில் போய்ப் பனியாகப் படிகிறது. மாதம் ஒருமுறை வெதுவெதுப்பான நீரில் பாத்திரம் கழுவும் சோப்பைச் சிறிது கலந்து, பழைய பல் துலக்கும் பிரஷால் மடிப்பு மடிப்பாகத் தேய்த்து, ஈரமில்லாமல் துடைத்துவிடுங்கள். ரப்பரைக் கடினமாக்கிவிடும் கரைசல்கள் எதையும் தடவ வேண்டாம்.

ஒட்டுதலைச் சோதிக்க ஒரு தாளை நீள்வாக்கில் மடித்து, கதவுக்கும் சட்டத்துக்கும் இடையே வைத்து மூடி, மெல்ல இழுத்துப் பாருங்கள். சற்று எதிர்ப்புக் காட்டி வந்தால் நல்லது. வழுக்கிக்கொண்டு வந்தால் அந்த இடத்தில் இடைவெளி இருக்கிறது. நான்கு பக்கமும், முக்கியமாகக் கீல் இருக்கும் பக்கத்தின் மூலைகளிலும் இதைச் செய்ய வேண்டும். ரப்பர் முதலில் நெளிவது அங்கேதான். இரவில் விளக்கை அணைத்துவிட்டு, எரியும் சிறு டார்ச்சை உள்ளே வைத்துக் கதவை மூடினால், கசியும் இடத்தில் ஒளிக்கீற்று தெரியும். நெளிந்த ரப்பரை வெந்நீரில் நனைத்த துணியால் ஒற்றிச் சூடாக்கி, இழுத்து நேராக்கி, கதவை மூடிச் சில மணி நேரம் விட்டால் பெரும்பாலும் பழைய வடிவத்துக்குத் திரும்பும். கிழிந்துவிட்டால் மாற்றத்தான் வேண்டும். பல மாடல்களில் அது ஒரு பள்ளத்தில் செருகியிருப்பதால், பழையதை உருவிவிட்டுப் புதியதை அழுத்தினால் பொருந்திவிடும்.

கண்டென்சர் குழாய்கள் வெளியே தெரியும் மாடல்களில், அவற்றின்மேல் படியும் தூசி போர்வையைப் போல வெப்பத்தைப் பிடித்து வைக்கிறது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை, வீட்டில் வளர்ப்புப் பிராணிகள் இருந்தால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை, பிளக்கைப் பிடுங்கிவிட்டு மென்மையான பிரஷாலும் வேக்குவம் கிளீனராலும் சுத்தம் செய்யுங்கள். கம்ப்ரஸர் அறையில் சிறிய ஃபேன் இருந்தால் அதன் இறக்கைகளையும் துடைக்க வேண்டும். பெட்டியை முன்னால் இழுத்த கையோடு, கம்ப்ரஸருக்கு மேலேயோ அருகிலோ உள்ள வடிதட்டையும் பார்த்துவிடலாம். உருகிய பனிநீர் அதில்தான் வந்து விழுந்து, கம்ப்ரஸர் சூட்டில் ஆவியாகிறது. உள்ளே எதைத் துடைத்தாலும் போகாத நாற்றத்தின் பிறப்பிடம் பல வீடுகளில் இந்தத் தட்டாகவே இருக்கிறது.

மேலே கல்லாக உறைகிறது, கீழே குளிரவில்லை

இந்த வகைப் பெட்டிகளில் மிக அதிகமாகக் கேட்கப்படும் புகார் இதுதான். மிக அதிகமாகத் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவதும் இதுவே. ஃப்ரீசர் நன்றாக உறைகிறது என்றால் கம்ப்ரஸரும் கேஸும் தம் வேலையைச் செய்கின்றன என்று பொருள். மேலே இருக்கும் குளிர் கீழே இறங்கவில்லை, அவ்வளவுதான்.

முதலில் எளிமையானதைப் பாருங்கள். ஃப்ரீசரின் பின்சுவரிலும் கீழ்ப்பகுதியின் மேல்முனையிலும் உள்ள காற்றுத்துளைகளைப் பொட்டலம் எதுவும் அடைத்துக்கொண்டிருக்கிறதா? துளைகளுக்கு முன்னால் நான்கு விரல் இடைவெளி இருந்தால் நல்லது. அடுத்தது ஃபேன். ஃப்ரீசர் கதவைத் திறந்ததும் ஃபேன் நின்றுவிடும்படி பல மாடல்களில் அமைத்திருப்பதால், திறந்து வைத்துக்கொண்டு 'ஃபேன் ஓடவில்லை' என்று முடிவு கட்டிவிடக்கூடாது. கதவுச் சட்டத்தில் உள்ள சிறு பொத்தானை விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, கம்ப்ரஸர் ஓடும் நேரத்தில் காதைக் கொடுத்துக் கேளுங்கள். மெல்லிய இரைச்சலும் துளையில் காற்றும் இருந்தால் ஃபேன் ஓடுகிறது. பொத்தானை அழுத்தும்போது விளக்கும் அணைகிறதா என்று பார்த்துக்கொள்வது நல்லது. கதவு மூடிய பின்னும் எரிகிற விளக்கு உள்ளே ஒரு சிறு அடுப்பு மாதிரி.

துளைகள் திறந்திருந்து, ஃபேன் ஓடியும் காற்று வரவில்லை, அல்லது ஃபேன் எதிலோ உரசுவது போன்ற சத்தம் கேட்கிறது என்றால், காயில் பனியால் மூடியிருக்கிறது என்று கிட்டத்தட்ட உறுதியாகச் சொல்லலாம். என் வீட்டுப் பெட்டியில் ஒருமுறை இப்படித்தான் ஆயிற்று. மேலே ஐஸ்கட்டி உடைக்க முடியாத அளவுக்கு உறைந்திருந்தது. கீழே வைத்த பால் இரண்டாம் நாளே திரிந்தது. வந்து பார்த்தவர் கேஸ் நிரப்ப வேண்டும் என்றார். சந்தேகம் தீராமல் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பின்தகட்டின் இரண்டு திருகுகளைக் கழற்றித் தகட்டைச் சற்றே முன்னால் இழுத்துப் பார்த்தபோது, காயிலே தெரியவில்லை. சுண்ணாம்பு பூசிய சுவரைப் போல மேலிருந்து கீழ்வரை ஒரே வெண்மை. தகடுகளுக்கு இடையில் ஓர் ஊசி நுழையவும் வழியில்லை. கேஸ் குறைந்திருந்தால் அந்தக் காட்சி வேறாக இருந்திருக்கும்: கேஸ் நுழையும் முனையில் மட்டும் இரண்டொரு வளைவில் பனி படிந்து, மீதிக் காயில் வெறுமையாகக் கிடக்கும். இந்த ஒரு வேறுபாட்டை நினைவில் வைத்துக்கொண்டாலே வீண் செலவு பல தவிர்க்கப்படும்.

பனி இப்படி மூடக் காரணம், அதை உருக்கும் ஏற்பாடு நின்றுபோனது. தானாகப் பனி உருகும் பெட்டியில், கம்ப்ரஸர் சுமார் 6 முதல் 12 மணி நேரம் ஓடியதும் டைமரோ மின்னணுப் பலகையோ அதை நிறுத்திவிட்டு, காயிலின் அடியிலுள்ள ஹீட்டரை ஏறக்குறைய அரை மணி நேரம் எரிய விடும். காயில் போதிய அளவு சூடானதும் டிஃப்ராஸ்ட் தெர்மோஸ்டாட் ஹீட்டரை அணைக்கும். எல்லை மீறிச் சூடேறினால் மின்னோட்டத்தையே துண்டிக்க ஒரு தெர்மல் ஃப்யூஸும் உண்டு. டைமர், ஹீட்டர், தெர்மோஸ்டாட், ஃப்யூஸ் என்ற நான்கில் ஒன்று போனாலும் பனி உருகாது. ஒவ்வொரு நாளும் ஓர் அடுக்கு ஏறிக்கொண்டே போகும்.

எந்தக் கருவியும் இல்லாமல் இதை உறுதிசெய்ய ஒரு வழி இருக்கிறது. பெட்டியைக் காலி செய்து, பிளக்கைப் பிடுங்கி, இரண்டு கதவுகளையும் 24 மணி நேரம் திறந்தே வையுங்கள். அடியில் பழைய துண்டுகளை விரித்துவிடுங்கள். வடிதட்டு நிரம்பி வழியக்கூடும். அவசரமானால் ஃப்ரீசருக்குள் வெந்நீர்ப் பாத்திரம் வைக்கலாம், வெளியிலிருந்து மேசை ஃபேனைத் திருப்பி வைக்கலாம். கத்தியோ ஸ்குரூடிரைவரோ கொண்டு பனியைக் குத்தவே கூடாது. அலுமினியக் குழாயில் ஊசிமுனை அளவு ஓட்டை விழுந்தால், இல்லாத கேஸ் பழுதை நாமே உண்டாக்கியவர்கள் ஆவோம். பனி முழுவதும் உருகிய பின் பெட்டியை மறுபடி ஓடவிட்டுத் தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். மறுநாளே கீழ்ப்பகுதி நன்றாகக் குளிர்ந்து, ஒரு வாரமோ இரண்டு வாரமோ கழித்துப் பழைய நிலைக்கே திரும்பினால், பழுது டிஃப்ராஸ்ட் ஏற்பாட்டில்தான். மாதக்கணக்கில் நன்றாகவே ஓடினால், யாரோ கதவை இரவு முழுவதும் சரியாக மூடாமல் விட்டிருக்கிறார்கள்.

மல்டிமீட்டர் பிடிக்கத் தெரிந்தவர்கள், பிளக்கைப் பிடுங்கிய நிலையில் ஹீட்டரிலும் ஃப்யூஸிலும் தொடர்ச்சி இருக்கிறதா, அதாவது மின்பாதை அறுபடாமல் இருக்கிறதா என்று சோதிக்கலாம். டிஃப்ராஸ்ட் தெர்மோஸ்டாட்டை மட்டும் அறை வெப்பத்தில் சோதித்து ஏமாறக்கூடாது. இரட்டை உலோகப் பட்டையால் ஆன வகை, பூஜ்யத்துக்குக் கீழே நன்றாகக் குளிர்ந்த பிறகே உள்ளே இணையும். வெதுவெதுப்பாக இருக்கையில் அது தொடர்ச்சி காட்டாமலிருப்பதுதான் சரி. பனிக்கட்டியும் உப்பும் கலந்த கலவையில் உறைக்குள் போட்டுக் கால் மணி நேரம் வைத்துவிட்டுச் சோதித்தால் உண்மை தெரியும்.

கீழே உள்ள காய்கறிகள் உறைந்துபோகின்றன என்ற எதிர்ப்புகாரும் வருவதுண்டு. குமிழை மிகக் குளிராக வைத்திருப்பது, காற்றுத்துளைக்கு நேர்முன்னே பொருளை வைப்பது ஆகிய இரண்டும் இல்லையென்றால், டேம்பர் திறந்தபடியே சிக்கியிருக்கலாம் அல்லது சென்சார் தவறான அளவைக் காட்டலாம்.

தண்ணீர் கசிவு

காய்கறித் தட்டுக்கு அடியில் தண்ணீர் தேங்குவதும், ஃப்ரீசரின் தரையில் கண்ணாடித் தகடு போல ஐஸ் படிவதும் ஒரே நோயின் இரு முகங்கள்: வடிகால் அடைத்துக்கொண்டிருக்கிறது. காயிலுக்கு நேர்கீழே உள்ள துளையிலிருந்து ஒரு குழாய் பின்பக்கமாக இறங்கி வடிதட்டுக்குப் போகிறது. அதில் உணவுத்துகள் சேர்ந்தோ, துளையின் வாயிலேயே ஐஸ் உறைந்தோ நீர் வழியின்றி நிற்கும். பிளக்கைப் பிடுங்கி, பனியை உருக்கி, ஊசியில்லாத பெரிய சிரிஞ்சில் வெதுவெதுப்பான நீரை எடுத்துத் துளைக்குள் மெல்லச் செலுத்துங்கள். பீச்சிய நீர் பின்னால் உள்ள தட்டில் வந்து விழும் சத்தம் கேட்கும் வரை திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். கொதிநீர் வேண்டாம், பிளாஸ்டிக் விரிசல் விடும். அடிக்கடி அடைக்கும் பெட்டிகளில், ஹீட்டரின் மேல் சுற்றிய தடித்த செம்புக் கம்பியொன்றின் மறுமுனையைத் துளைக்குள் தொங்கவிடும் வழக்கம் மெக்கானிக்குகளிடம் உண்டு. ஹீட்டர் எரியும்போதெல்லாம் கம்பி வழியே சிறிது சூடு இறங்கித் துளையில் ஐஸ் நிற்காமல் பார்த்துக்கொள்ளும்.

கையால் பனி உருக்க வேண்டிய வகைப் பெட்டி வைத்திருப்பவர்களுக்கு இங்கே ஒரு குறிப்பு. அவற்றின் கீழ்ப்பகுதிப் பின்சுவரில் நீர்த்துளிகளோ மெல்லிய பனியோ காணப்படுவது இயல்பு. அவை வழிந்து கீழேயுள்ள சிறு துளையில் இறங்கும். அந்தத் துளையை மட்டும் சுத்தமாக வைத்திருங்கள். ஃப்ரீசரில் பனி அரை சென்டிமீட்டர் தடிப்பை எட்டியதும் உருக்கிவிட வேண்டும். அதற்கு மேல் போனால் பனியே காப்புறையாகி, உள்ளே இருக்கும் பொருளுக்குக் குளிர் போய்ச் சேராமல் தடுக்கும்.

இரண்டு பகுதியும் குளிரவில்லை

உள்விளக்கு எரிகிறதா என்பதிலிருந்து தொடங்குங்கள். எரியவில்லை என்றால் பிளக்கையும் ஸ்விட்சையும், வேறொரு சாதனத்தைச் செருகி அந்த மின்முனையையும் பாருங்கள். எரிகிறது, ஆனால் கம்ப்ரஸர் ஓடவில்லை என்றால், குமிழ் 'நிறுத்தம்' என்ற இடத்துக்குப் போயிருக்கிறதா, பெட்டி அப்போது டிஃப்ராஸ்ட் கட்டத்தில் இருக்கிறதா என்று பார்த்து அரை மணி நேரம் பொறுத்திருங்கள்.

சில நிமிடங்களுக்கு ஒருமுறை பின்னாலிருந்து 'டக்' என்ற ஒலி, சில விநாடி முனகல், மறுபடி 'டக்', பிறகு மௌனம் என்று கேட்டால், கம்ப்ரஸர் கிளம்ப முயன்று தோற்கிறது. ஓவர்லோடு பாதுகாப்பு அதை ஒவ்வொரு முறையும் துண்டிக்கிறது. மின்னழுத்தம் குறைவாக இருப்பது ஒரு காரணம். மற்றொன்று கம்ப்ரஸரைக் கிளப்பிவிடும் ஸ்டார்ட் ரிலே. கம்ப்ரஸரின் பக்கவாட்டில் செருகியிருக்கும் அந்தச் சிறு பெட்டியைக் கழற்றிக் காதருகே குலுக்கினால் உள்ளே சில்லுகள் உருளும் ஓசை கேட்பதுண்டு. அப்படிக் கேட்டால் அது உடைந்துவிட்டது. மலிவான பாகம்தான், ஆனால் அதன் அருகே கெப்பாசிட்டர் இருந்தால் பிளக்கைப் பிடுங்கிய பின்னும் அதில் மின்னேற்றம் தங்கியிருக்கலாம் என்பதால், பழக்கமில்லாதவர்கள் இந்த இடத்தில் கை வைக்காமலிருப்பது நல்லது. தேவைக்கேற்ப வேகத்தை மாற்றிக்கொள்ளும் இன்வெர்ட்டர் கம்ப்ரஸருக்கு இந்த ரிலே கிடையாது. அதை இயக்குவது மின்னணுப் பலகை.

கம்ப்ரஸர் இடைவிடாமல் ஓடியும் குளிர் இல்லையென்றால், கண்டென்சர் தூசியையும் காயில் பனியையும் முதலில் விலக்குங்கள். பிறகு தொட்டுப் பாருங்கள்: கம்ப்ரஸர் நன்றாகச் சூடாக இருக்கிறது, கண்டென்சரோ அறை வெப்பத்திலேயே கிடக்கிறது என்றால், கேஸ் கசிவு, குழாய் அடைப்பு, கம்ப்ரஸரின் உள்ளழுத்தக் குறைவு ஆகியவற்றில் ஒன்று. கேஸ் என்ற சொல்லுக்கு இப்போதுதான் வேளை வந்திருக்கிறது. இது மெக்கானிக் பார்க்க வேண்டிய வேலை.

இன்வெர்ட்டர் வகைகள் மெதுவான வேகத்தில் நெடுநேரம் ஓடும்படியே அமைக்கப்பட்டவை என்பதால், 'நிற்காமல் ஓடுகிறது' என்ற ஒன்றை மட்டும் வைத்து அவற்றைக் குறை சொல்ல முடியாது. அதேபோல் உள்ளே நீர் ஓடுவது போன்ற குளுகுளுப்பு, டிஃப்ராஸ்ட் நேரத்தில் சூடான ஹீட்டரில் துளி விழும் சீறல், பிளாஸ்டிக் சுருங்கி விரியும் சொடுக்கு ஆகிய ஒலிகளுக்கு அஞ்ச வேண்டியதில்லை.

மின்சாரமும் இடமாற்றமும்

மின்சாரம் நின்றால் கதவைத் திறக்காமலிருப்பதே முக்கியம். மூடியே இருந்தால் கீழ்ப்பகுதி ஏறக்குறைய 4 மணி நேரம் வரை குளிரைக் காக்கும். நிறைந்த ஃப்ரீசர் 48 மணி நேரமும், பாதி நிறைந்தது 24 மணி நேரமும் தாங்கும். மின்சாரம் மீண்டதும், ஸ்டெபிலைசரிலோ பெட்டியிலோ தாமத ஏற்பாடு இல்லையென்றால், கையால் அணைத்து வைத்து 5 நிமிடம் கழித்துப் போடுங்கள். குழாய்களில் அழுத்தம் சமனாகுமுன் கம்ப்ரஸர் கிளம்பத் திணறும். எக்ஸ்டென்ஷன் வயரில் ஃபிரிட்ஜைச் செருகுவதும், எர்த் இல்லாத மின்முனையில் ஓட்டுவதும் வேண்டாம்.

வேறிடத்துக்குக் கொண்டுபோகும்போது நிமிர்ந்த நிலையிலேயே கொண்டுபோக வேண்டும். படுக்க வைத்துத்தான் ஆக வேண்டுமென்றால், நிமிர்த்திய பின் குறைந்தது படுத்திருந்த நேரமளவுக்காவது, முடிந்தால் ஒரு நாள், மின்சாரம் கொடுக்காமல் நிறுத்தி வையுங்கள். கம்ப்ரஸருக்குள் இருக்கும் எண்ணெய் குழாய்களுக்குள் போயிருக்கும். அது திரும்பி இறங்க நேரம் வேண்டும்.

மெக்கானிக்கை அழைக்கும் நிலை வந்தால்

தகவல் தகட்டில் கேஸின் பெயரும் கிராம் கணக்கில் அதன் எடையும் அச்சிடப்பட்டிருக்கும். ஆர்-600ஏ என்று இருந்தால் அது ஐசோபியூட்டேன், தீப்பற்றக்கூடியது. குழாய் உடைந்துவிட்டது என்று சந்தேகம் வந்தால், சன்னல்களைத் திறந்து, தீயையும் ஸ்விட்சுகளையும் தொடாமல் விலகியிருங்கள். ஆர்-134ஏ தீப்பற்றாது, ஆனால் ஒன்றுக்குப் பதிலாக மற்றொன்றை நிரப்புவது முறையன்று.

அழைக்குமுன் தெர்மாமீட்டரில் கண்ட இரண்டு அளவுகளையும், கம்ப்ரஸர் ஓடுகிறதா, ஃபேன் ஓடுகிறதா, காயிலில் பனி எப்படிப் படிந்திருக்கிறது என்பதையும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். கேஸ் நிரப்பத்தான் வேண்டும் என்று அவர் சொன்னால், கசிவு எந்த இடத்தில் என்று காட்டச் சொல்லுங்கள். ஓட்டையை அடைக்காமல் நிரப்பிய கேஸ் மறுபடியும் அதே வழியில் போய்விடும். ஓட்டையை அடைத்து, குழாயில் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும் ஃபில்டர் டிரையரைப் புதிதாக மாற்றி, வேக்குவம் பம்பால் குழாய்களிலுள்ள காற்றையும் ஈரத்தையும் முழுவதும் வெளியேற்றி, அதன்பின் தகட்டில் உள்ள எடையைத் தராசில் வைத்து அளந்து நிரப்புவதே சரியான வரிசை. ஆர்-600ஏ நிரப்பும் பெட்டிகளில் அந்த எடை சில பத்துக் கிராம்களே இருக்கும் என்பதால், தராசு இல்லாமல் கைக்கணக்கில் நிரப்ப முற்படுகிறவரை வேலையைத் தொடங்குமுன்பே நிறுத்திவிடலாம்.